தொலேதோ: ஒரே கைப்பட்டையில் ஏழு நினைவுச்சின்னங்கள்

ஸ்பெயினின் தலைநகர் மத்ரீதின் அதோச்சா நிலையத்திலிருந்து அதிவேக ரயிலில் ஏறினால் ஏறக்குறைய அரை மணி நேரத்தில், தாகோ ஆறு மூன்று பக்கமும் வளைந்து செல்லும் குன்றின்மேல் அமைந்த தொலேதோ நகரை அடைந்துவிடலாம். 1986இல் யுனெஸ்கோ உலகப் பாரம்பரியப் பட்டியலில் இடம்பெற்ற இந்நகரில், ஏழு நினைவுச்சின்னங்களுக்கும் சேர்த்து நுழைவுச்சீட்டாக விற்கப்படும், மணிக்கட்டில் கட்டிக்கொள்ளும் சுற்றுலாக் கைப்பட்டையை வாங்குவதே சிறந்தது என்பது என் உறுதியான கருத்து.

அவற்றுள் என்னை மிகவும் ஆட்கொண்டது கிறிஸ்தோ தெ லா லூஸ். 999இல் மசூதியாகக் கட்டப்பட்டுப் பின்னர் தேவாலயமாக மாற்றப்பட்ட இச்சிறு செங்கல் கட்டடத்தின் ஒன்பது கூரை வளைவுகளும் ஒவ்வொன்றும் வெவ்வேறு வடிவில் அமைந்திருப்பதை அண்ணாந்து பார்க்காமல் வந்துவிடாதீர்கள். யூதத் தொழுகைக்கூடமாக எழுந்த சாந்தா மரியா லா பிளாங்காவின் வெண்ணிறக் குதிரைலாட வளைவுகளோ, கிறிஸ்தவர், இஸ்லாமியர், யூதர் என மூன்று சமயத்தாரும் வாழ்ந்த ஊரின் கைவண்ணத்தை ஒரே கூடத்தில் காட்டுகின்றன. சாந்தோ தொமே தேவாலயத்தில் ஓவியர் எல் கிரேக்கோ தீட்டிய ஓர்காஸ் பிரபுவின் நல்லடக்க ஓவியத்தைக் காணக் கூட்டம் நெருக்கும், காலையிலேயே சென்றுவிடுங்கள்.

1226இல் கட்டத் தொடங்கப்பட்ட பேராலயம் இந்தக் கைப்பட்டையில் அடங்காது என்பது பெருங்குறை. அதற்குத் தனிச்சீட்டு வாங்க வேண்டும். கற்கள் பாவிய சரிவான சந்துகள் முதியோருக்குச் சிரமம் தரும் என்றாலும், கீழிருந்து பழைய நகருக்கு ஏற நகரும் படிக்கட்டுகள் உள்ளன.