ஏசி போர்டைக் கழற்றிக் கொடுக்கும் முன் இதைப் படியுங்கள்: சேலத்தில் எங்களுக்கு 9,500 ரூபாய் போனது

எங்கள் ஏசியை ரிப்பேர் பண்ண ஆள் அனுப்பிய ஆப்பிலிருந்து நேற்று இரவு கடைசிச் செய்தி வந்தது. "உங்கள் புகார் தீர்க்கப்பட்டது. எங்கள் சேவையை மதிப்பிடுங்கள்" என்று ஐந்து நட்சத்திரம் வரைந்து அனுப்பியிருக்கிறார்கள். எதுவும் தீரவில்லை. 9,500 ரூபாய் போயிற்று. எங்கள் ஏசியின் சொந்த போர்டும் (ஏசியை இயக்கும் மின்னணுப் பலகை) போயிற்று. அம்மா இப்போதும் ஃபேன் காற்றில்தான் படுத்திருக்கிறார். ஆத்திரம் அடங்குவதற்குள் எழுதிவிட வேண்டும் என்று உட்கார்ந்திருக்கிறேன். சேலத்தில் இன்னொரு வீட்டில் இதே ஆட்கள் இதே கதையைச் சொல்லக்கூடாது.

ஆப்பின் பெயரைப் போடப்போவதில்லை. ஏசி, வாஷிங் மெஷின், குழாய், கரப்பான் மருந்து என்று எல்லாவற்றுக்கும் வீட்டுக்கே ஆள் அனுப்பும் வகை. என்னென்ன கவனிக்க வேண்டும் என்பதைக் கடைசியில் எழுதுகிறேன். முதலில் நடந்ததைச் சொல்லிவிடுகிறேன்.

எங்கள் வீடு அழகாபுரத்தில், மேல் மாடி. சித்திரை வெயிலில் சேலம் எப்படி இருக்கும் என்று இங்கே இருப்பவர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. ஒரு பக்கம் சேர்வராயன், இன்னொரு பக்கம் கஞ்சமலை, ஜருகுமலை, நகரமலை. நடுவில் விழுந்த சூடு ராத்திரி ஆனாலும் வெளியே போவதில்லை. அம்மாவுக்குப் பக்கவாதம் வந்து ஒரு பக்கம் அசைவில்லை. வியர்வையில் ஒரே பக்கமாகப் படுத்திருந்தால் முதுகில் புண் வந்துவிடும் என்று டாக்டர் சொல்லியிருக்கிறார். அதனால் ஏசி எங்களுக்கு வசதிக்கான பொருள் இல்லை. 2017-ல் வாங்கிய 1.5 டன் இன்வெர்ட்டர் ஏசி அது. இத்தனை வருடம் வாட்டர் வாஷ் தவிர வேறு செலவு வைத்ததில்லை.

ஒரு நாள் மதியம் அறைக்குள் இருக்கும் இன்டோர் யூனிட்டில் காற்று வந்தது, குளிர் வரவில்லை. கொஞ்ச நேரத்தில் டிஸ்ப்ளேயில் எரர் எழுத்து மின்னத் தொடங்கியது. ஆப்பில் புக் பண்ணும்போது "பழுதான பாகத்தின் படம் இருந்தால் சேருங்கள்" என்று கேட்டது. என் மகன் மொட்டை மாடிக்குப் போய், வெளியே இருக்கும் அவுட்டோர் யூனிட்டின் மேல் மூடியைக் கழற்றி, உள்ளே இருந்த போர்டைப் படம் எடுத்துப் போட்டான். இந்தப் படத்தை நினைவில் வையுங்கள். பின்னால் வருகிறது.

வந்த பையனுக்கு இருபத்தைந்து வயது இருக்கும். வாசலிலேயே செருப்பைக் கழற்றி ஓரமாக வைத்தான். உள்ளே வந்ததும் அம்மாவைப் பார்த்து, "பாட்டிக்கு வேர்த்துக் கொட்டுதுங்களே அக்கா, முதல்ல அந்த ஃபேனைத் திருப்பி வைங்க" என்றான். அவனே ஸ்டூலை நகர்த்தி டேபிள் ஃபேனைத் திருப்பியும் வைத்தான். அந்த இடத்தில்தான் எனக்கு அவன் மேல் நம்பிக்கை வந்தது. அம்மாவைக் கவனித்த ஒரு பிள்ளையைச் சந்தேகப்பட யாருக்குத் தோன்றும்? ஆப்பில் அவன் படம் இருந்தது, "சரிபார்க்கப்பட்டவர்" என்று பச்சை டிக் இருந்தது, நூற்றுக்கணக்கானவர்கள் நல்ல மதிப்பெண் கொடுத்திருந்தார்கள். அந்தப் பச்சை டிக்கைப் போட்டது அந்த கம்பெனிதான். இன்று "எங்களுக்குத் தொடர்பில்லை" என்று சொல்வதும் அதே கம்பெனிதான்.

மாடிக்குப் போனவன் சீக்கிரமே போர்டோடு கீழே வந்துவிட்டான். மின்சாரம் அளக்கும் மீட்டர் வைத்துப் பார்த்தானா என்று மகனைக் கேட்டால், பையிலிருந்து மீட்டரை எடுக்கவே இல்லை என்கிறான். போர்டில் ஒரு இடத்தைக் காட்டி, "பாருங்கக்கா, இங்க கருகியிருக்கு. போர்டு போயிடுச்சு. புதுசு 18,000 ஆகும், அதுவும் இந்த மாடலுக்குக் கிடைக்கறது கஷ்டம். கோயம்புத்தூர் லேபுக்கு அனுப்பினா 9,500-ல முடிஞ்சிடும். ஆறு மாசம் கேரண்டி" என்றான். காட்டிய இடம் உண்மையிலேயே பழுப்பாக இருந்தது.

பணத்தை ஆப்பிலேயே கட்டிவிடுகிறேன் என்றேன். "லேப் சார்ஜ் ஆப்ல வராதுங்கக்கா, விசிட் சார்ஜ் மட்டும்தான் வரும்" என்று சொல்லி அவன் போனில் ஒரு க்யூஆர் கோடைக் காட்டினான். விசிட்டுக்கு 499 ஆப்பில் போயிற்று. 9,500 அந்தக் கோடுக்குப் போயிற்று. ரசீது கேட்டபோது, "போர்டு திரும்பி வரும்போது லேப் பில்லோட சேர்த்துத் தர்றேங்க" என்றான். போகும்போது அம்மாவிடம், "ரெண்டு நாள் பொறுத்துக்கோங்க பாட்டி" என்று சொல்லிவிட்டுப் போனான். அம்மாவும் தலையாட்டினார். இதை நினைத்தால்தான் இன்றும் வயிறு எரிகிறது.

அந்த ரெண்டு நாள் நீண்டுகொண்டே போயிற்று. போன் செய்தால் "பார்சல் ஆபீஸ்ல இருக்கேங்க" என்பான், அடுத்த முறை "லேப்ல கூட்டம்" என்பான். ஒருவழியாக ஒரு சாயங்காலம் வந்து போர்டை மாட்டினான். மாடியில் ஏதோ ஒயரையும் இழுத்துப் பார்த்தான் என்று மகன் சொன்னான். ஏசி ஓடியது, குளிர் வந்தது. பில் கேட்டதற்கு வாட்ஸ்அப்பில் அனுப்புவதாகச் சொன்னான். இன்று வரை அனுப்பவில்லை.

அந்த வாரம் ஒரு ராத்திரி கோடை மழை இடியோடு பெய்தது. மறுநாள் காலை பழைய எரர் எழுத்து மறுபடி வந்தது. கூடவே இதுவரை பார்க்காத வேறொரு எழுத்தும் மாறி மாறி வந்தது. அவன் போன் முதலில் அடித்து ஓய்ந்தது, அப்புறம் "பிஸி", அப்புறம் ஸ்விட்ச் ஆஃப்.

செவ்வாய்ப்பேட்டை பக்கம் பல வருடமாக ஏசி, ஃபிரிட்ஜ் வேலை செய்யும் ஒரு அண்ணனை அக்கம்பக்கத்தில் சொல்லி அழைத்து வந்தோம். அவர் வேலை செய்த விதமே வேறு. மெயினை ஆஃப் பண்ணிவிட்டு அவுட்டோர் பக்கத்தில் சும்மா உட்கார்ந்திருந்தார். ஏன் என்று கேட்டபோது, "இன்வெர்ட்டர் போர்டுல பெரிய கெபாசிட்டர் இருக்கும்மா. கரண்டை நிறுத்தினாலும் அதுல 300 வோல்ட்டுக்கு மேல நிக்கும். வடிஞ்சிருச்சான்னு மீட்டர் வெச்சுப் பார்த்துட்டுத்தான் கை வைக்கணும்" என்றார். முதலில் வந்தவன் மேலே போன வேகத்தில் போர்டைக் கழற்றிக்கொண்டு வந்தது அப்போதுதான் எனக்கு உறைத்தது.

அடுத்து அவர் போர்டைத் தொடவில்லை. இன்டோருக்கும் அவுட்டோருக்கும் போகும் ஒயரைப் பிடித்துக்கொண்டே போனார். முன்பு ஹாலில் இருந்த ஏசியை அம்மாவின் அறைக்கு மாற்றியபோது ஒயர் பற்றாமல் மாடியில் ஒரு ஜாயின்ட் போட்டிருந்தார்கள். டேப்பைப் பிரித்தால் உள்ளே செம்பு பச்சை பூத்து, கார்பன் பிடித்துக் கிடந்தது. இரண்டு யூனிட்டும் ஒன்றோடொன்று பேசிக்கொள்ள அந்த ஒயர்களுக்குள் ஒரு சிக்னல் ஒயர் உண்டாம். அதில் தொடர்பு விட்டுப்போனால் இந்த எரர்தான் வருமாம். "இந்த எரரைப் பார்த்ததும் போர்டுன்னு சொல்லிடறாங்க. முதல்ல ஒயரைத்தான் பார்க்கணும்" என்றார். மழைத் தண்ணீர் இறங்கியதும் எரர் திரும்பி வந்ததற்குக் காரணமும் அதுதான். அதை வெட்டி எடுத்துவிட்டுப் புது ஒயர் இழுத்தார். பழைய எரர் போய்விட்டது.

ஆனால் அந்தப் புது எழுத்து போகவில்லை. கம்ப்ரஸர் கிளம்பும், கொஞ்ச நேரத்தில் நிற்கும். போர்டை வெளியே எடுத்துப் பார்த்தவர் மகனிடம், "தம்பி, பழைய போட்டோ ஏதாச்சும் இருக்கா?" என்று கேட்டார். இருந்தது. ஆப்புக்கு அனுப்பிய அதே படம். அதைப் பெரிதாக்கிப் பார்த்தால் போர்டின் ஓரத்தில் ஒட்டியிருந்த ஸ்டிக்கரில் ஒரு எண். இப்போது கையில் இருந்த போர்டின் ஸ்டிக்கரில் வேறு எண். அதே பிராண்டின் 1 டன் மாடல் போர்டாம் இது. இன்வெர்ட்டர் போர்டில் ஒரு சின்ன நினைவுச் சிப் இருக்கிறது. எந்த கம்ப்ரஸரை எப்படி ஓட்ட வேண்டும் என்ற கணக்கெல்லாம் அதில்தான் பதிந்திருக்கும். வேறு மாடலின் போர்டை மாட்டினால் அது தவறான கணக்கில் ஓட்டும், லோடு ஏறும்போது நிறுத்திவிடும். கொஞ்ச நாள் விட்டிருந்தால் கம்ப்ரஸரும் போயிருக்கும் என்றார்.

கருகியிருந்ததே என்று படத்தைக் காட்டினேன். "சூடாகிற ரெசிஸ்டர் பக்கத்துல எந்தப் பழைய போர்டும் பழுப்பாத்தான் இருக்கும். உங்க போர்டுல கெபாசிட்டர் உப்பலை, ஃபியூஸ் போகலை. அது நல்ல போர்டும்மா. இந்நேரம் வேற யார் வீட்டுலயாவது 'லேப்ல ரிப்பேர் பண்ணது'ன்னு உட்கார்ந்திருக்கும்."

அதாவது எங்கள் வீட்டில் பழுதே இல்லாத போர்டைக் கழற்றிக்கொண்டு போய், காயலான் கடைக்குப் போக வேண்டிய போர்டை மாட்டிவிட்டு, அதற்கு 9,500 ரூபாயும் வாங்கியிருக்கிறான். ஒயர் மாற்ற அந்த அண்ணன் வாங்கியது 700.

போர்டு ரிப்பேரே மோசடி என்று யாரும் நினைத்துவிட வேண்டாம். உப்பிய கெபாசிட்டர், ஒட்டிக்கொண்ட ரிலே, எரிந்த ஃபியூஸ், பல்லி விழுந்து கருகிய இடம் எல்லாவற்றையும் நம் கண்ணெதிரே உட்கார்ந்து சரி பண்ணித் தருகிற நல்ல கைகள் இந்த ஊரிலேயே இருக்கின்றன. பழைய ஏசியைத் தூக்கிப் போடாமல் காப்பாற்றுவது அவர்கள்தான். அவர்கள் பெயரையும் சேர்த்துத்தான் இந்த ஆட்கள் கெடுக்கிறார்கள்.

இனி ஆப்காரர்கள் செய்ததைக் கேளுங்கள். முதலில் சாட்டில் ஒரு இயந்திரம், "சிரமத்திற்கு வருந்துகிறோம், பொறுமைக்கு நன்றி" என்றது. மனிதரிடம் பேச வேண்டும் என்று மறுபடி மறுபடி அடித்த பிறகு ஒரு பெண் அழைத்தார். "மேடம், உங்க புக்கிங்ல 499 மட்டும்தான் காட்டுது. மீதி பணம் ஆப்புக்கு வெளியே நடந்தது." உங்கள் ஆள்தானே வாங்கினான் என்று கேட்டேன். "அவர் எங்க ஊழியர் இல்லை மேடம், பார்ட்னர்." போர்டு மாறியதற்குப் படம் உங்கள் சர்வரிலேயே இருக்கிறது, புக்கிங்கைத் திறந்து பாருங்கள் என்றேன். "அதை டெக்னிக்கல் டீம் பார்ப்பாங்க." டெக்னிக்கல் டீம் அழைக்கவே இல்லை. அடுத்து பேசியவர் வேறொரு ஆளை அனுப்பி ஆய்வு செய்வதாகவும், அதற்கு மறுபடி 499 கட்ட வேண்டும் என்றும் சொன்னார். நான் போட்ட சத்தத்தில் அம்மா பயந்துவிட்டார். அப்புறம் நல்லெண்ண அடிப்படையில் 200 ரூபாய்க் கூப்பன் கொடுத்தார்கள். 9,500 ரூபாய்க்கு 200 ரூபாய்க் கூப்பன், அதையும் அவர்களிடமே செலவு செய்ய வேண்டும். நேற்று இரவு புகாரை மூடியே விட்டார்கள்.

வங்கியில் கேட்டால், நீங்களே பின் நம்பர் போட்டு அனுப்பிய பணம், நாங்கள் திருப்ப முடியாது என்றார்கள். ஏசி கம்பெனியின் சர்வீஸ் சென்டரில், கம்ப்ரஸருக்குத்தான் 10 வருட வாரண்டி, போர்டுக்கு முடிந்துவிட்டது, அந்த மாடல் போர்டும் இப்போது வருவதில்லை, எக்ஸ்சேஞ்சில் புதிது எடுத்துக்கொள்ளுங்கள் என்றார்கள். இப்போது அந்த அண்ணன் ஈரோடு, கோவை பக்கம் எங்கள் மாடல் போர்டு கிடைக்குமா என்று விசாரித்துக்கொண்டிருக்கிறார்.

நான் விடப்போவதில்லை. 1915 நுகர்வோர் உதவி எண்ணில் புகார் பதிந்துவிட்டேன். 2020-ல் வந்த மின்வணிக விதிகளின்படி இப்படிப்பட்ட தளங்கள் குறைதீர் அலுவலர் ஒருவரை வைத்திருக்க வேண்டும். புகார் கிடைத்ததை 48 மணி நேரத்துக்குள் ஒப்புக்கொள்ள வேண்டும், ஒரு மாதத்துக்குள் தீர்க்க வேண்டும். அந்த அலுவலருக்கு இன்று காலை இரண்டு போர்டுகளின் படத்தோடும் பணம் அனுப்பிய ஆதாரத்தோடும் எழுதிவிட்டேன். பதில் இல்லையென்றால் மாவட்ட நுகர்வோர் ஆணையம். 2019 சட்டப்படி நாம் குடியிருக்கும் ஊரிலேயே வழக்குப் போடலாம். கம்பெனி பெங்களூரில் இருக்கிறதா, டெல்லியில் இருக்கிறதா என்று பார்க்க வேண்டியதில்லை. 5 லட்சம் வரையிலான வழக்குக்குக் கட்டணமும் கிடையாது.

கவனிக்க வேண்டியதை விவரமாக எழுத நினைத்தேன். அம்மாவைத் திருப்பிப் படுக்க வைக்கும் நேரமாகிவிட்டது, அவசரமாகச் சொல்கிறேன். போர்டு வீட்டை விட்டு வெளியே போகக்கூடாது. போயே ஆக வேண்டுமென்றால் ஸ்டிக்கர் எண் தெரிகிற மாதிரி முன்னும் பின்னும் படம் எடுத்து, அந்த எண்ணையே ரசீதில் எழுதி வாங்குங்கள். திரும்பி வந்ததும் மாட்டுவதற்கு முன் எண்ணைப் பாருங்கள். மீட்டரை எடுக்காமல் "போர்டு போயிடுச்சு" என்று சொல்பவனை அப்படியே அனுப்பிவிடுங்கள். ஒயர் ஜாயின்டைப் பார்த்தாயா என்று கேளுங்கள். ஆப்பில் புக் பண்ணினால் ஒரு ரூபாய் கூட ஆப்புக்கு வெளியே கொடுக்காதீர்கள்.

அழகாபுரம், ஃபேர்லேண்ட்ஸ், அஸ்தம்பட்டி பக்கம் "கோயம்புத்தூர் லேபுக்கு அனுப்பணும், 9,500 ஆகும்" என்று யாராவது உங்களிடமும் சொல்லியிருந்தால், உங்கள் போர்டின் ஸ்டிக்கர் எண்ணைப் படம் எடுத்து எனக்கு அனுப்புங்கள். 1.5 டன் போர்டு, எண்ணின் கடைசி மூன்று இலக்கம் 417. அது எங்களுடையது.