ஸ்லைடிங் ஜன்னல் மாத்தி நாலு வருஷம்: ட்ராக்ல நின்ன தண்ணி

என் நாத்தனார் போன வாரம் வாட்ஸ்அப்ல ஒரு கொட்டேஷன் அனுப்பி "அண்ணி, இதுல ஒரு வார்த்தையும் புரியல, நீங்க ஜன்னல் மாத்துனீங்கல்ல, என்னன்னு பாத்து சொல்லுங்க"ன்னு கேட்டா. அவளுக்கு ஃபோன்ல சொன்னதைத்தான் இங்க எழுதுறேன். தென்னாப்பிரிக்காவுல, எங்க டர்பன்ல இன்னும் எத்தனையோ வீட்டுல அந்தப் பழைய ஸ்டீல் ஃப்ரேம்தான் இருக்கு, புட்டி உதிர்ந்து, துரு ஏறி, ஒண்ணு மூடாது ஒண்ணு திறக்காது.

எங்க வீடு மியர்பேங்க், கடல் காத்து அடிக்கிற இடம். 2021 அக்டோபர்ல மாத்தினோம், முன் ஹால்ல ரெண்டு அலுமினியம் ஸ்லைடிங், படுக்கை ரூம்ல கேஸ்மென்ட், அதாவது கீல் போட்டு கதவு மாதிரி வெளிய திறக்கிறது.

முதல்ல நல்லதைச் சொல்லிடுறேன். கண்ணாடி லேமினேட்டட், 6.38 எம்எம். அதாவது 3 எம்எம் கண்ணாடி ரெண்டு, நடுவுல 0.38 எம்எம்ல ஒரு பிளாஸ்டிக் படலம். திருட்டு பயத்துக்காகத்தான் கேட்டு வாங்கினோம், உடைச்சாலும் கொட்டாது, அந்தப் படலத்துலயே ஒட்டிக்கிட்டு நிக்கும். ஆனா அதை விட பெரிய சந்தோஷம் லாரி சத்தம் குறைஞ்சது! எங்க ரோட்டுல ராத்திரி முழுக்க கன்டெய்னர் லாரி ஓடும், மாமியார் இருவது வருஷமா சரியா தூங்கினதில்ல, ஜன்னல் போட்ட மூணாம் நாள் காலைல ஏழு மணி வரைக்கும் தூங்கினாங்க, நான் பயந்து போய் மூச்சு வருதான்னு பாத்தேன்.

இப்ப அந்த ட்ராக்.

மழை பெஞ்சா ஸ்லைடிங் ஜன்னல் ஓடுற கீழ் ட்ராக்ல தண்ணி நிக்கும். ரெண்டு விரல் உயரம். காத்து தெற்கேருந்து அடிச்சா அந்தத் தண்ணி குமிழி விட்டுக்கிட்டு உள்ள வழிஞ்சு சுவரு வழியா இறங்கும். 2022 ஏப்ரல் 11, 12 பெருவெள்ளம் யாருக்கு மறக்கும், அந்த ராத்திரி வீட்டுல இருந்த துண்டு, போர்வை எல்லாம் ஹால் ஜன்னலடியிலதான். ஊருல எத்தனையோ பேர் உசுரு போச்சு, வீடே போச்சு, அதுக்கு முன்னாடி இது ஒண்ணுமே இல்லதான். ஆனாலும் புது ஜன்னலு, ஆறு மாசம் கூட ஆகல. போட்ட கம்பெனிக்கு ஃபோன் பண்ணினா ஒரு ஆள் வந்து வெளிப்பக்கம் சுத்தி இன்னும் கொஞ்சம் சிலிகான் அப்பிட்டுப் போனான். அடுத்த மழைக்கு இன்னும் மோசம்.

போன மாசம் பக்கத்து வீட்டு அண்ணாச்சியோட மகன், அலுமினியம் ஃபிட்டர் வேலை பாக்குற பையன், வெளியில குனிஞ்சு பாத்து "ஆன்ட்டி, வீப் ஹோலை மூடி வச்சிருக்காங்க"ன்னான். ஃப்ரேமோட அடியில வெளிப்பக்கம் சின்னச் சின்னதா நீட்டு ஓட்டை இருக்கும், ட்ராக்ல விழுற மழைத்தண்ணி அது வழியாத்தான் வெளிய போகணும். ஸ்லைடிங்ல தண்ணி உள்ள விழுறது தப்பே இல்லையாம், விழுந்தது வெளிய போகாததுதான் தப்பாம். முதல்லயே சிலிகான் அடைச்சிருக்கு, சரி பண்ண வந்தவன் மிச்சத்தையும் அடைச்சிருக்கான். பையன் கத்தியை விட்டுக் கீறி எடுத்ததும் கறுப்பா ஒரு தண்ணி கொழகொழன்னு வந்தது பாருங்க, எனக்கு அழுகையே வந்துடுச்சு. நாலு வருஷம்! கொட்டேஷன்ல ரெண்டு பக்கம் வார்த்தை இருந்துச்சு, இந்த ஒரு வார்த்தை எங்கயும் இல்ல.

மத்த வார்த்தைங்க. ரெட்ரோஃபிட்னா பழைய ஃப்ரேமை விட்டுட்டு அதுக்குள்ளயே புதுசை நுழைக்கிறது, செலவு கம்மி, ஆனா துருப்பிடிச்ச ஸ்டீலுக்குள்ள அலுமினியத்தை உப்புக் காத்துல சேத்து வச்சா அலுமினியம் அரிச்சுப் போகும், முழு ஃப்ரேமையும் பேத்து எடுக்கச் சொல்லுங்க. யு வேல்யூ எவ்வளவு குறையுதோ அவ்வளவு சூடு வெளிய போகாம தாங்கும், அது குளிர் ஊருக்கு முக்கியம். அமெரிக்க வெப்சைட்டுல போட்டிருக்கிற 0.30ஐ நம்ம ஊரு நம்பரோட ஒப்பிடாதீங்க, அவங்க அளவு வேற, நம்ம கணக்குல அது 1.7. டர்பனுக்கு எஸ்எச்ஜிசிதான் பாக்கணும், வெயில் சூடு எவ்வளவு உள்ள வருதுங்கிற நம்பர், 0.8னா முக்கால்வாசிக்கும் மேல உள்ள வருதுன்னு அர்த்தம். இன்னொண்ணு, நெட்ல தெற்கு ஜன்னல்னு எழுதியிருந்தா நமக்கு அது வடக்கு, இங்க சூரியன் வடக்காலதான போகுது.

கேஸ்மென்ட்டா ஸ்லைடிங்கான்னா, எங்க சாமி விளக்கைக் கேளுங்க. ஹால்ல ஜன்னல் மூடியிருந்தாலும் காத்தடிச்சா சுடர் சாயும், ஏன்னா ஸ்லைடிங் ஓடணுமே, அதனால இடுக்குல வெறும் பிரஷ்தான் இருக்கு. கேஸ்மென்ட் ரப்பர் மேல அமுங்கி மூடும். விளக்கைப் படுக்கை ரூம்ல வச்சுப் பாத்தேன், அசையவே இல்ல.

ஜன்னல் நல்ல ஜன்னல், காசுக்கு மோசமில்ல, மாமியார் தூங்குறாங்க. ஆனா ஸ்லைடிங் இனிமே என் காசுல வாங்க மாட்டேன், அந்தக் கம்பெனியையும் வாசல்ல ஏத்த மாட்டேன்.

நாத்தனார் ஸ்லைடிங்தான் வேணும்னு நிக்கிறா, பால்கனிப் பக்கம் கதவு வெளிய திறக்க இடமில்லயாம். சரின்னு சொல்லிட்டேன். ஃபிட்டர் வர்ற அன்னிக்கு நானும் போறேன். ட்ராக்ல ஒரு சொம்பு தண்ணி ஊத்தி, அது வெளிப்பக்கம் ஒழுகுறதைக் கண்ணால பாத்த பிறகுதான் மிச்சக் காசைக் குடுக்கணும்னு சொல்லி வச்சிருக்கேன்.