மாற்றாத ஆயில் பம்புக்கு பணம் கொடுத்த கதை

டிரெய்லர் லாரி வைத்திருப்பவர்களும் ஓட்டுபவர்களும், ஆயில் பிரஷர் குறைகிறது என்று பட்டறைக்குப் போவதற்கு முன் இதைப் படித்துவிடுங்கள்.

எஞ்சின் சூடான பிறகு ஐட்லிங்கில் (வண்டி நிற்க, எஞ்சின் மட்டும் மெதுவாக ஓடும்போது) 25 பிஎஸ்ஐ (அழுத்தத்தின் அலகு) ஆயில் பிரஷர் காட்டிக்கொண்டிருந்த என் வண்டி, சில வாரங்களில் 15க்கு இறங்கி, ஒரு நாள் 8ஐத் தொட்டதும் சிவப்பு விளக்கு எரிந்தது. உடனே எஞ்சினை அணைத்து, வண்டியைக் கட்டி இழுத்துக்கொண்டு ஒரு பட்டறையில் விட்டேன். எதையும் அளந்து பார்க்காமலே, ஆயில் பம்ப் தேய்ந்துவிட்டது, மாற்றியே ஆகவேண்டும் என்றார்கள்.

அப்போது டிப் ஸ்டிக்கை (ஆயில் அளவு பார்க்கும் கம்பி) உருவிப் பார்த்த நான்தான் முதல் தவறைச் செய்தேன். கண்ணெதிரே இருந்ததைப் பேசாமல் விட்டுவிட்டேன். ஆயில் மேல் கோட்டைத் தாண்டி இரண்டு விரல் உயரம் நின்றது, கம்பியின் நுனியிலிருந்து தண்ணீர் போலச் சொட்டியது, முகர்ந்தால் டீசல் வாடை அடித்தது. மெக்கானிக்கோ அதைத் துணியால் துடைத்துவிட்டு, "கூடுதலா இருந்தா நல்லதுதானே சார்" என்றார். ஊற்றாமலே ஆயில் அளவு ஏறுகிறது என்றால் டீசலோ கூலண்டோ (எஞ்சினைக் குளிர்விக்கும் நீர்) உள்ளே கலக்கிறது என்று பொருள். டீசல் கலந்து நீர்த்த ஆயில், பேரிங்குக்கும் அதில் சுழலும் தண்டுக்கும் இடையே தாங்கி நிற்கும் படலத்தை இழந்துவிடும்.

பம்ப் மாற்றியதாகப் பில் போட்டு, வழக்கமான 15டபிள்யூ-40 என்ற தர ஆயிலுக்குப் பதில் கெட்டியான 20டபிள்யூ-50 ஊற்றி அனுப்பினார்கள். பிரஷர் ஏறியது, நானும் நம்பினேன். கெட்டி ஆயில் நோயைத் தீர்ப்பதில்லை, மீட்டரை மட்டும் ஏமாற்றுகிறது. பத்து நாளில் முள் மீண்டும் விழுந்தது. இம்முறை சென்சார் கெட்டுவிட்டது என்று அதையும் மாற்றினார்கள்.

அடுத்து நான் போன வேறொரு பட்டறையின் மெக்கானிக், வேறு எதையும் தொடுவதற்கு முன் எஞ்சின் பிளாக்கில் தனி பிரஷர் கேஜ் ஒன்றை மாட்டி, டாஷ்போர்டு காட்டும் அளவோடு ஒப்பிட்டார். இரண்டும் ஏறக்குறைய ஒன்றாக இருந்ததால், சென்சார் மீது பழியில்லை என்பது கால் மணி நேரத்தில் தெரிந்தது. ஃபில்டரை வெட்டி விரித்தபோது மடிப்புகளுக்குள் பேரிங் உலோகம் மினுமினுத்தது. டீசலில் சாயம் கலந்து ஓடவிட்டு, வால்வு மூடியைக் கழற்றி புற ஊதா விளக்கை அடித்ததும், டீசலைத் தெளிக்கும் இரண்டு இன்ஜெக்டர்களின் ஓ-ரிங்குகளைச் (கசிவைத் தடுக்கும் ரப்பர் வளையங்கள்) சுற்றிச் சாயம் ஒளிர்ந்தது. ஆயிலில் டீசல் கலந்தது அந்த வழியாகத்தான்.

எஞ்சினின் அடியிலுள்ள ஆயில் தொட்டியான சம்பை இறக்கியபோதுதான் உண்மையான ஏமாற்று வெளிப்பட்டது. பம்பின் போல்ட் தலைகளில் பல வருடப் பழுப்புப் படிவு அப்படியே இருந்தது; ஸ்பேனர் பட்ட தடமே இல்லை. பம்ப் மாற்றப்படவே இல்லை! நல்லவேளை, எஞ்சினின் முதன்மைச் சுழல் தண்டான கிராங்க் தப்பியது. அதைத் தாங்கும் மெயின் பேரிங்குகளையும், பிஸ்டன் ராடுகளை அதனுடன் இணைக்கும் பிக் எண்ட் பேரிங்குகளையும் எஞ்சினை இறக்காமலே கீழிருந்து மாற்றி, ஓ-ரிங்குகளைப் புதுப்பித்து, பரிந்துரைத்த ஆயிலையே மறுபடி ஊற்றியதும், சூடான ஐட்லிங்கில் 24 வந்து நிலைத்தது.

எல்லா வண்டியிலும் இதுவே காரணமாக இராது. ஆயில் குறைவு, அடைபட்ட ஃபில்டர், சிக்கிக்கொண்ட ரிலீஃப் வால்வு (அதிகப் பிரஷரை வெளியேற்றுவது), விரிசல் விட்டுக் காற்றை உறிஞ்சும் சக்ஷன் பைப் (பம்புக்கு ஆயிலை இழுக்கும் குழாய்) என்று எளிதில் சரியாகக்கூடியவையும் உண்டு. பம்ப் தேய்வதும் உண்டு. ஆனால் தனி கேஜில் அளந்து காட்டாமல் யாராவது பெரிய உதிரிபாகத்தின் பெயரைச் சொன்னால் வண்டியை எடுத்துக்கொண்டு கிளம்பிவிடுங்கள். கழற்றிய பழைய பாகத்தைக் கையில் வாங்காமல் பில்லுக்குப் பணம் கொடுக்காதீர்கள். நான் கேட்டபோது பழைய பம்ப் காயலான் கடைக்குப் போய்விட்டது என்றார்கள்.

முதல் பட்டறையில் போல்ட்டுகளின் படங்களைக் காட்டிக் கேட்டதற்கு, அந்த வேலையைப் பார்த்த பையன் இப்போது இங்கில்லை என்பதுதான் பதில். பணம் இன்னும் திரும்பவில்லை.