டிஸ்க் பிரேக் வேலைக்கு விட்ட வண்டி: லீவர் கல் மாதிரி இருக்கிறது என்று நம்பி எடுத்து வராதீர்கள்

பழைய வண்டி ஒன்று. முன் டிஸ்க் பிரேக் லீவரைப் பிடித்தால் பஞ்சு மாதிரி அமுங்கி, கைப்பிடியைத் தொடுகிற அளவுக்கு வந்துவிடுகிறது. பட்டறையில் விட்டபோது முதல் தடவை ‘ஆயில் மாத்தியாச்சு, இனி பிரச்சினை இல்ல’ என்றார்கள். பத்தே நாளில் மறுபடி அதே அமுங்கல். இரண்டாம் தடவை ‘மாஸ்டர் சிலிண்டர் போயிடுச்சு’ என்று, லீவர் பக்கத்தில் ஆயிலை அழுத்தி அனுப்பும் அந்த முழு அசெம்ப்ளியையும் மாற்றி அதற்கும் பில் போட்டார்கள். இந்த முறை லீவர் கல் மாதிரி இருந்தது. ஆனால் அரை மணி நேரம் ஓடியதும் முன்சக்கரம் தானாகவே பிடித்துக்கொண்டது. நியூட்ரலில் தள்ளினாலும் நகரவில்லை. டிஸ்க் பிளேட் பக்கம் கையைக் கொண்டுபோக முடியாத சூடு.

பிரித்துப் பார்த்தால், லீவரில் பிஸ்டனைத் தள்ளும் அட்ஜஸ்டர் ஸ்க்ரூ முழுக்க உள்ளே திருகப்பட்டிருந்தது. காலிப்பருக்குள் (சக்கரத்தின் டிஸ்க்கைக் கவ்வும் பகுதி) இருந்த ஆயில் அடர் பழுப்பு. ஆயில் ஹோஸை இணைக்கும் பேன்ஜோ போல்ட்டின் தாமிர வாஷர்கள் பழையவையே. கழற்றிய மாஸ்டர் சிலிண்டர் எங்கே என்று கேட்டதற்கு, பழைய சாமானோடு போட்டுவிட்டதாகப் பதில்.

இதில் உயிருக்கே உலை வைப்பது அந்த ஸ்க்ரூதான். ஆயில் டப்பாவின் அடியில் இரண்டு துளைகள் உண்டு. ஒன்று பெரியது, இன்னொன்று ஊசிமுனை அளவு. லீவரை விட்டதும் பிஸ்டன் முழுதாகப் பின்னால் வந்து, அதன் முன் கப் (ரப்பர் சீல்) அந்தச் சின்னத் துளையைத் தாண்டி நிற்க வேண்டும். பிரேக் சூட்டில் விரியும் ஆயில் அந்த வழியாகத்தான் டப்பாவுக்குத் திரும்புகிறது. ஸ்க்ரூவை உள்ளே திருகினால் லீவரின் ஃப்ரீ ப்ளே (வெற்றாட்டம்) காணாமல் போகும், கைக்கு இறுக்கமாகத் தெரியும். கூடவே அந்தத் துளையும் மூடிவிடும். விரிந்த ஆயில் திரும்ப வழியில்லாமல், டிஸ்க்கில் உரசும் பேடைத் தள்ளுகிறது, பேட் டிஸ்க்கைத் தேய்க்கிறது, சூடு இன்னும் ஏறுகிறது. இது ஒன்றையொன்று வளர்த்துக்கொண்டே போகும். கடைசியில் சக்கரம் இறுகும், அல்லது ஆயில் கொதித்து ஆவிக்குமிழ் உண்டாகி லீவர் வெறுமனே கைப்பிடியில் போய் முட்டும். ஸ்க்ரூ இல்லாத வண்டிகளில் லீவருக்கும் பிஸ்டனுக்கும் நடுவே சின்னத் தகட்டைச் செருகி இதே வேலையைச் செய்கிறவர்களும் உண்டு.

கண்டுபிடிப்பது சுலபம். டப்பா மூடியைத் திறந்து, டேங்க் மேல் ஈரத்துணி போர்த்திவிட்டு (பிரேக் ஆயில் பெயின்ட்டை உரித்துவிடும்), லீவரை மிக மெதுவாக, கொஞ்சமே கொஞ்சம் அழுத்துங்கள். அசைவு தொடங்கும்போதே சின்னத் துளைக்கு மேல் ஆயில் ஒரு சிறு ஊற்றுப் போல எழும்ப வேண்டும். வேகமாக அழுத்தினால் கண்ணில் தெறிக்கும், ஜாக்கிரதை. எழும்பவே இல்லையென்றால் துளை மூடியிருக்கிறது: ஸ்க்ரூ வேலை, அல்லது பழைய ஆயில் கூழாகி அடைத்திருக்கிறது. ஸ்க்ரூவைத் தளர்த்தி லீவர் நுனியில் சில மில்லிமீட்டர் வெற்றாட்டம் வரவையுங்கள். கூழ் அடைப்பு என்றால் பிஸ்டனைக் கழற்றிவிட்டு மெல்லிய கம்பியால் நோகாமல் எடுக்க வேண்டும். குத்திக் கிளறித் துளை ஓரம் பிசிறானால் அது கப்பை அறுத்துவிடும்.

அடுத்தது ‘ஆயில் மாற்றியாச்சு’. டப்பாவில் இருப்பதை உறிஞ்சி எடுத்துவிட்டுப் புதிதை ஊற்றினால் மேலே பளிச்சென்று தெரியும். காலிப்பரிலும் ஹோஸிலும் இருப்பது அப்படியே கிடக்கும், கொதிப்பதும் அதுதான். டாட் 4 என்ற தர வகை பிரேக் ஆயிலின் கொதிநிலை புதிதாக இருக்கும்போது குறைந்தது 230 டிகிரி செல்சியஸ். 3.7 சதவீதம் நீர் ஏறிய பிறகு அதற்கான தர வரம்பு 155 டிகிரி. காற்றிலிருந்து ஈரத்தை இழுப்பது அதன் இயல்பு. எனவே 2 வருடத்துக்கு ஒரு முறை மாற்ற வேண்டும், எப்போதோ திறந்து வைத்த டின்னிலிருந்து ஊற்ற விடக்கூடாது. சிலிக்கான் வகையான டாட் 5-ஐ இதோடு கலக்கவே கூடாது. 5.1 வேறு, அது டாட் 4 குடும்பம். பெட்ரோலால் கழுவுவது, கிரீஸ் தடவுவது, எஞ்சின் ஆயில் ஊற்றுவது எல்லாம் உள்ளே உள்ள ரப்பரை ஊத வைக்கும். அப்படி ஆகிவிட்டால் கப், சீல், ஹோஸ் அத்தனையும் மாற்ற வேண்டியதுதான்.

ஏர் எடுப்பதை, அதாவது உள்ளே சிக்கிய காற்றை வெளியேற்றுவதை, முறையாகச் செய்தால் பாதிப் புகார்கள் அதோடு தீரும். காலிப்பரில் காற்றை வெளியேற்றும் சின்னத் திருகான நிப்பிளில் தெளிவான டியூபை மாட்டி, மறுமுனையை ஆயில் உள்ள பாட்டிலில் மூழ்க வைக்க வேண்டும். லீவரைப் பிடித்துக்கொண்டு, பெரும்பாலும் 8 மி.மீ. ரிங் ஸ்பேனரால் நிப்பிளைக் கால் சுற்றுத் திறந்து, லீவர் இறங்கியதும் மூடி, அதன் பிறகே லீவரை விட வேண்டும். மூடுவதற்கு முன் விட்டால் காற்று திரும்ப உள்ளே போகும். டப்பா கீழ்க்கோட்டுக்கு இறங்கும் முன் ஊற்றிக்கொண்டே இருக்க வேண்டும், ஒரு முறை காலியானால் முதலிலிருந்து ஆரம்பம். ஒற்றை டிஸ்க்குக்கு 100 முதல் 150 மி.லி. வரை ஓடவிடலாம். (நிப்பிள் மரை வழியாகக் காற்று உறிஞ்சப்பட்டு டியூபில் தீராமல் குமிழ் வருவதைப் பார்த்து ‘உள்ளே இன்னும் ஏர்’ என்று பயந்து அடுத்த பாகத்தை மாற்றச் சொல்பவர்கள் உண்டு.)

கீழே எவ்வளவு எடுத்தாலும் போகாத காற்று பெரும்பாலும் மேலே, மாஸ்டர் சிலிண்டர் பேன்ஜோவில் ஒளிந்திருக்கும். அதுதான் உயரமான இடம். துணியைச் சுற்றி, லீவரைப் பிடித்தபடி பேன்ஜோ போல்ட்டை ஒரு நொடி தளர்த்தி இறுக்கினால் புஸ்ஸென்று வெளியேறும். போல்ட்டைத் தளர்த்தினாலே இரு பக்கமும் புது தாமிர வாஷர் போடுவதுதான் சரியான வேலை. போல்ட்டின் டார்க் (இறுக்கும் அளவு) பெரும்பாலான வண்டிகளில் 23 முதல் 35 நியூட்டன் மீட்டருக்குள் இருக்கும். காலிப்பரில் நிப்பிள் மேல் பக்கம் இருக்கிறதா என்றும் பாருங்கள். இடம் வலம் மாற்றி மாட்டிய காலிப்பரில் நிப்பிள் கீழே போய்விடும், ஆயுசுக்கும் ஏர் வெளியே வராது.

இனி ‘மாஸ்டர் சிலிண்டர் போயிடுச்சு’. லீவரை அழுத்திப் பிடித்து ஒரு நிமிடம் வைத்திருங்கள். வெளியே கசிவே இல்லாமல் மெல்ல மெல்ல இறங்கினால் முன் கப் தேய்ந்திருக்கிறது. நாலைந்து முறை வேகமாக அடித்ததும் இறுகினால் ஏர், அல்லது பேட் பிஸ்டன் அதிகம் பின்வாங்குகிறது. ஐயம் தீரவில்லையா? ஹோஸைக் கழற்றிவிட்டு, துளையில்லாத அதே மரை போல்ட்டை வாஷரோடு மாஸ்டர் சிலிண்டர் வாயில் அடைத்து ஏர் எடுங்கள். லீவர் கல்லானால் மாஸ்டர் சிலிண்டரில் குறையில்லை, கோளாறு கீழேதான். இந்தச் சோதனை செய்யாமல் அசெம்ப்ளி மாற்றச் சொன்னால் சம்மதிக்காதீர்கள். கப் மட்டும் தேய்ந்து உள்சுவர் கீறல், குழி இல்லாமல் இருந்தால் பிஸ்டன் கிட் போதும்.

மாற்றியே ஆக வேண்டுமென்றால் மாஸ்டர் சிலிண்டர் உடம்பில் வார்த்திருக்கும் எண்களை ஒப்பிடுங்கள்: 1/2, 5/8 (அங்குலம்), 14 (மி.மீ.) என்று இருக்கும். அதுதான் உள்துளை அளவு. 1/2 அங்குலத்துக்கு, அதாவது 12.7 மி.மீ.க்குப் பதில் 14 போட்டால் பிஸ்டன் பரப்பு 21.5 சதவீதம் கூடும். லீவர் இறுக்கமாகத் தெரியும், ஆனால் அதே கைப்பலத்துக்கு ஆயில் அழுத்தம் 18 சதவீதம் குறையும். அமுங்கலை மறைக்க இதைவிட ‘நல்ல’ வழி இல்லை.

‘பழைய வண்டி அப்படித்தான் இருக்கும்’ என்பதில் கொஞ்சம் உண்மை உண்டு, ரப்பர் ஹோஸ் நாளாக நாளாகத் தளரும். ஒருவரை லீவரைப் பிடிக்கச் சொல்லி ஹோஸைக் கையால் பற்றிப் பாருங்கள். விம்முவது தெரிந்தாலும் வெடிப்பு இருந்தாலும் மாற்றுங்கள். காலிப்பர் பிஸ்டன் அழுக்கேறிச் சீலில் ஒட்டிக்கொண்டாலும், நகரும் வகைக் காலிப்பர் வழுக்கி நகரும் ‘பின்’ என்ற கம்பி உறைந்தாலும் லீவர் இறங்கும் தூரம் நீளும். இதற்குச் சுத்தம் செய்தல், புது சீல், பின்னுக்குச் சிலிக்கான் கிரீஸ் போதும்.

வண்டியை எடுக்கும்போது கழற்றிய பாகங்களைக் கேட்டு வாங்குங்கள். நிப்பிளை உங்கள் முன்னால் திறக்கச் சொல்லி முதல் சொட்டின் நிறத்தைப் பாருங்கள். ஸ்டாண்டில் நிறுத்தி, பிரேக்கைப் பிடித்து, விட்ட பிறகு முன்சக்கரத்தைச் சுழற்றுங்கள், இறுகாமல் சுற்ற வேண்டும். ஒவ்வொரு இணைப்பிலும் வெள்ளைக் காகிதம் சுற்றி, லீவரை ஒரு நிமிடம் இறுக்கிப் பிடியுங்கள். காகிதத்தில் ஈரம் தெரிந்தால் சாவியை அங்கேயே கொடுத்துவிடுங்கள்.