மொறிஸ் மைனரின் திறப்பைப் பிள்ளைகளிடம் கொடுத்த பிறகு

பழைய காரைப் பிள்ளைகளுக்கு ஓட்டக் கொடுக்கலாமா என்று கேட்கும் நண்பர்களுக்கு நான் தயங்காமல் சொல்வது: கொடுங்கள். எங்கள் வீட்டு 1960ஆம் ஆண்டு மொறிஸ் மைனரை மகள் 2018 முதலும் மகன் 2023 முதலும் ஓட்டி வருகிறார்கள். கார் நன்றாக இருக்கிறது. சில விடயங்களில் நான் தனியாக வைத்திருந்த காலத்தைவிட நன்றாகவே இருக்கிறது. ஆனால் இந்தக் கேள்வியைக் கேட்பவர்கள் பயப்படுவது ஒன்றுக்கு. பயப்பட வேண்டியது வேறொன்றுக்கு.

முதலில் காரைப் பற்றி. இரண்டு கதவு, 948 சிசி எஞ்சின், நான்கு கியர், ஸ்ரீ நம்பர். வெளிநாட்டுக் கார் இறக்குமதி அநேகமாக நின்றுபோயிருந்த எழுபதுகளில் என் அப்பா இதைக் கைமாற்றாக வாங்கினார். அவர் ஆசிரியர். திருகோணமலையில் நாங்கள் இருக்கும் உவர்மலையிலிருந்து பள்ளிக்கூடத்துக்கும், வெள்ளிக்கிழமைகளில் பத்திரகாளி அம்மன் கோயிலுக்கும், விடுமுறையில் தம்பலகாமத்து வயலுக்கும் போய்வந்த கார். யுத்த காலத்தில் பல வருடங்கள் வளவில் தறப்பாளின் கீழ் நின்றது. விற்கச் சொல்லி வந்தவர்கள் உண்டு. 2020இல் வாகன இறக்குமதியை அரசாங்கம் நிறுத்திய பிறகு அவர்கள் சொன்ன விலை என்னையும் ஒரு கணம் யோசிக்க வைத்தது. அந்தத் தடை 2025 வரை நீடித்தது. அந்த ஐந்து வருடமும் இந்தக் கார் எங்கள் வீட்டில் நின்றதற்கு முக்கிய காரணம், மகள் அதற்குள் அதை ஓட்டத் தொடங்கியிருந்ததுதான்.

"பிள்ளைகள் கிளட்சை எரித்துவிடுவார்கள், மட்காட்டை நெளித்துவிடுவார்கள்" என்று சொல்பவர்களுக்கு: ஆம், நெளிப்பார்கள். மகன் ஒருநாள் பின்னால் எடுக்கும்போது எங்கள் வீட்டுக் கேற்றின் தூணில் பின் மட்காட்டை உரசினான். மைனரின் நான்கு மட்காட்டும் போல்ட் போட்டுப் பூட்டப்பட்டவை. கழற்றி, டிங்கர் பாஸிடம் கொடுத்து, நெளிவெடுத்து, பெயின்ட் அடித்து, மறுபடி பூட்டினோம். புதியது வேண்டுமென்றாலும் கிடைக்கும். மைனருக்கான உடல் தகடுகள் இலங்கையிலேயே செய்யப்பட்டு, அந்தக் கார் பிறந்த இங்கிலாந்துக்கே ஏற்றுமதியானவை. எஞ்சின் சாமான்களுக்கும் தட்டுப்பாடில்லை. இதில் இருக்கும், 1951இல் ஒஸ்டின் ஏ30 காரில் வந்த ஏ-சீரிஸ் எஞ்சின் குடும்பம் மினி காரில் 2000ஆம் ஆண்டு வரை ஓடியது. ஆகவே கொழும்பு பஞ்சிகாவத்தைக்கு ஒரு நடை போய்வந்தால் பெரும்பாலான சாமான்களுடன் திரும்பலாம். இந்தக் காரில் பிள்ளைகள் கெடுக்கக்கூடிய எதுவும் திருத்தக்கூடியதே.

திருத்த முடியாதது உள்ளே இருக்கும் பிள்ளை. அலெக் இசிகோனிஸ் இந்தக் காரை வடிவமைத்து 1948இல் அது வெளிவந்தபோது எயார்பேக் இல்லை, தலைக்குப் பின்னால் தாங்கி இல்லை, மோதலில் மடங்கிக் கொடுக்கும் முன்பகுதி இல்லை. ஸ்டியரிங் தண்டு ஒரே இரும்புக் கம்பியாக ஓட்டுபவரின் நெஞ்சுக்கு நேரே நிற்கிறது. நான்கு சில்லிலும் டிரம் பிரேக். பிரேக் ஒயில் ஓடுவது ஒரே சுற்றில். எங்காவது ஒரு குழாய் வெடித்தால் நான்கு சில்லும் ஒன்றாகக் கைவிடும். இரண்டு கதவுக் காரில் முன் ஆசனங்கள் முன்பக்கம் மடங்குபவை, அவற்றைப் பூட்டி வைக்கும் கொளுக்கியும் கிடையாது. காரின் எடையோ முக்கால் தொன் அளவு. இப்போது வீதியில் நமக்குப் பக்கத்தில் ஓடும் வான்களும் ஜீப்களும் அதைப்போல் இரண்டு மடங்கு. பெயின்டுக்காகப் பதறும் தகப்பன்மார் இந்தப் பட்டியலை ஒருமுறை நிதானமாக வாசிக்க வேண்டும்.

அதனால் மகள் அனுமதிப்பத்திரம் எடுத்த உடனேயே திறப்பைக் கொடுக்கவில்லை. முதலில் காரை மாற்றினோம். முன் ஆசனங்களுக்கு மூன்று முனை ஆசனப்பட்டி பூட்டினோம். தகட்டில் துளையிட்டு அப்படியே போல்ட் போடுவதில் பயனில்லை. பின்னால் தடித்த தகடு வைத்து ஒட்டி, அதில்தான் பூட்ட வேண்டும். பின் ஆசனத்தில் ஆட்களை ஏற்றக்கூடாது என்பது அன்று முதல் வீட்டுச் சட்டம். அடுத்தது சிக்னல். 1960 மொடலில் திரும்பும்போது கதவுத் தூணிலிருந்து சின்னக் கை ஒன்று வெளியே நீளும். பார்க்க மிகவும் அழகு. ஆனால் இன்றைய ஓட்டோச் சாரதிக்கு அது என்னவென்றே தெரியாது. கையை அப்படியே வைத்துக்கொண்டு, முன்னும் பின்னும் மினுங்கும் விளக்குகளையும் சேர்த்தோம். முன் சில்லுகளுக்கு, 1962இல் வந்த 1098 சிசி மொடலின் 8 அங்குல டிரம்களைப் போட்டோம். எங்களுடையதில் இருந்தது 7 அங்குலம். காலடியில் இந்த மாற்றம் நன்றாகத் தெரிகிறது.

காரின் அசல் தன்மை போய்விடும் என்று ஒரு நண்பர் வருத்தப்பட்டார். அசலாக வைத்திருப்பது பெரிய காரியம்தான், அதை நான் மதிக்கிறேன். ஆனால் பத்தொன்பது வயதுப் பிள்ளை ஓட்டப்போகும் காரில் அசல் பிரேக்கைக் காப்பாற்ற எனக்கு மனம் வரவில்லை. கழற்றிய பழைய டிரம்களைக் கிறீஸ் பூசிச் சாக்கில் சுற்றி வைத்திருக்கிறேன். பின்னால் வருபவர் விரும்பினால் பூட்டிக்கொள்ளட்டும்.

பிள்ளைகளுக்குக் கற்பித்த வரிசை எங்கள் வீட்டில் வேறு மாதிரி இருந்தது. ஓட்டுவது கடைசி, காருக்குக் கீழே படுப்பது முதல். மைனரின் முன் சில்லுகளைத் தாங்கும் மேல், கீழ் மூட்டுகள் மரையில் சுழல்பவை. அவற்றுக்கு ஒழுங்காகக் கிறீஸ் அடிக்காவிட்டால் மரை தேய்ந்து, ஒருநாள் மூட்டு கழன்று, சில்லு மட்காட்டின் கீழ் சரிந்து விழும். இதைக் கையால் தொட்டுப் பார்த்து, கிறீஸ் கன் பிடித்து, பழைய கிறீஸ் வெளியே பிதுங்கும் வரை அடித்த பிள்ளை குழியில் காரை விடாது. பிரேக் ஒயில் ஊற்றும் இடமும் பொனட்டின் கீழ் இல்லை. ஓட்டுபவரின் காலடியில், தரைவிரிப்பைத் தூக்கினால் ஒரு மூடி இருக்கும், அதற்குக் கீழே. கண்ணில் படாத இடம் என்பதால் பலர் அதைப் பார்ப்பதே இல்லை. பிரேக் ஒயில் காற்றிலிருந்து ஈரத்தை இழுக்கும். கடற்கரை ஊரில் இருக்கும் நாங்கள் அதை ஒவ்வொரு வருடமும் முழுவதுமாக மாற்றுகிறோம். அந்த வேலை இப்போது மகளுடையது.

மகன் பழகும் வயதுக்கு வந்தது 2022இல். பெற்றோலுக்காகக் கிலோமீற்றர் கணக்கில் வரிசை நின்ற வருடம். பிறகு கியூஆர் முறையில் வாரத்துக்கு இவ்வளவு என்று அளந்து தந்த வருடம். ஓட்டிப் பழகப் பெற்றோல் இல்லை. ஆகவே அவன் அந்த மாதங்களில் டிரம்களைக் கழற்றினான், பிளக் இடைவெளி பார்த்தான், காபரேற்றரைப் பிரித்துத் துடைத்தான், நின்ற காரிலேயே கியர் மாற்றிப் பழகினான். வீதியில் இறங்கியபோது அவனுடைய காது காரோடு பழகியிருந்தது. ஏதாவது சத்தம் மாறினால் என்னைவிட முன்னதாக அவன்தான் சொல்கிறான்.

மின்சாரத்தில் ஒரு விடயம் கட்டாயம் சொல்லிக் கொடுக்க வேண்டும். இந்தக் காரில் பற்றறியின் நேர்முனைதான் உடலோடு இணைந்திருக்கிறது. இன்றைய கார்களுக்கு நேரெதிர். போன் சார்ஜ் போடும் பிள்ளைகள், வேறு காரிலிருந்து வயர் கொடுத்து ஸ்டார்ட் செய்ய வரும் நல்ல மனிதர்கள், இருவருக்கும் இது தெரியாது. பற்றறிக்குப் பக்கத்தில் பெரிய எழுத்தில் எழுதி ஒட்டியிருக்கிறேன்.

இனி வீதி. முதலாம் கியரில், பற்கள் உரசாமல் சேர உதவும் சிங்க்ரோ இல்லை. கார் முழுதாக நின்ற பிறகுதான் அதைப் போட வேண்டும். உருளும்போது போட்டால் பற்கள் உரசும். பயிற்சிப் பாடசாலைக் கார்களில் பழகிய பிள்ளைக்கு இது முதலில் விளங்காது. மகளை அதிகாலையில் உள்துறைமுக வீதிக்குக் கூட்டிக்கொண்டு போனேன். அந்த நேரத்தில் நடப்பவர்களையும் மீன் வாங்கப் போகிற சைக்கிள்களையும் தவிர வேறொன்றும் இருக்காது. பிறகு உவர்மலை ஏற்றம்: கையால் பிரேக்கைப் பிடித்து, கிளட்ச் கடிக்கும் இடத்தைக் காலால் உணர்ந்து, பின்னால் உருளாமல் கிளப்புவது. அது சரியாக வந்த பின் கன்னியா வெந்நீரூற்றுப் பக்கம், அதற்குப் பின் நிலாவெளி வீதி. நிலாவெளி வீதி நேராகவும் அகலமாகவும் இருப்பதாலேயே முதல் பாடத்துக்கு உகந்ததல்ல. சுற்றுலாக் காலத்தில் அங்கே வான்கள் வரும் வேகத்துக்கு இந்தக் காரின் பிரேக் தூரம் ஒத்துவராது.

ஊருக்குள் மான்கள் இருக்கின்றன. கோட்டைக்குள் மட்டுமல்ல, கச்சேரிப் பக்கமும் கடற்கரைப் பக்கமும் கூட்டமாக நடக்கும். ஒன்று கடந்தால் பின்னால் இன்னொன்று வரும். பிரேக்குக்கு உதவும் சேர்வோ இல்லாத காரில் மானைக் கண்ட பிறகு மிதிப்பது பிந்திய காரியம். பத்து அடிக்கு முன் நிற்கும் ஓட்டோவையல்ல, அதற்கும் அப்பால் சந்தியில் என்ன நடக்கிறது என்பதைப் பார்க்க வேண்டும். இந்தப் பழக்கம் மகளுக்கு வந்துவிட்டது. இப்போது அவள் அலுவலகத்தின், தானாகக் கியர் மாறும் புதிய காரை ஓட்டும்போதும் முன்னாலுள்ள வாகனத்தை ஒட்டிப் போவதில்லை. அவளுடன் போகும்போது என் மனைவி நிம்மதியாகத் தூங்குகிறாள். என்னுடன் வரும்போது அவள் தூங்கியதே கிடையாது.

சீனக்குடாவிலிருந்து திரும்பிக்கொண்டிருந்த ஒரு மாலையில், ஓட்டிக்கொண்டிருந்த மகள், "அப்பா, பெடல் கீழே போகிறது" என்றாள். குரலில் பதற்றம் இல்லை. இரண்டு முறை விட்டு விட்டு மிதித்தாள், மூன்றாம் கியருக்கும் பிறகு இரண்டுக்கும் இறக்கினாள், கைப்பிரேக்கை மெல்ல இழுத்து மண் ஓரத்தில் நிறுத்தினாள். பின் சில்லின் சிலிண்டர் ரப்பர் ஒன்று ஒயில் கசியவிட்டிருந்தது. எதைச் செய்ய வேண்டும் என்று அந்த நேரத்தில் நான் வாய் திறக்கவே தேவைப்படவில்லை. பிரேக்கைத் தன் கையால் பிரித்துப் பூட்டியவள் என்பதால், மிதிக்கும்போது உள்ளே எது நடக்கவில்லை என்பது அவளுக்குத் தெரிந்திருந்தது.

செலவு பற்றியும் சொல்ல வேண்டும். இவ்வளவு காலத்தில் கிளட்ச் தட்டு ஒருமுறை மாற்றினோம். அது மகன் பழகிய காலத்தில். பாதி கிளட்சில் நின்று ஏற்றத்தில் காரைப் பிடித்து வைத்திருக்கும் பழக்கம் அவனுக்கு இருந்தது. மாற்றும் வேலையில் அவனையே கராஜில் நாள் முழுக்க நிற்க வைத்ததும் பழக்கம் போய்விட்டது. கியர்பெட்டியில் முதலாம் கியர் சற்று முனகுகிறது, ஆனால் அது அப்பா காலத்திலேயே முனகியது. எதிர்பாராத நன்மை ஒன்றும் உண்டு. நின்றுகொண்டே இருக்கும் கார் ஓடும் காரைவிட விரைவாகக் கெடும். பிரேக் சிலிண்டர் இறுகும், பெற்றோல் பழுதாகும், ரயர் ஒரு பக்கம் தட்டையாகும். மூன்று பேர் மாறி மாறி எடுப்பதால் இவற்றில் ஒன்றும் இப்போது நடப்பதில்லை.

உண்மையான எதிரி கறள். வாடைக்காற்றுக் காலத்தில் கடல் உப்பு உவர்மலை வரை வருகிறது. மைனரில் தனிச் சட்டகம் கிடையாது, உடலே சட்டகம். தரைத்தகடும், பின் ஸ்பிரிங் தொங்கும் இடமும் கறள் பிடித்தால் காரின் முதுகெலும்பே போய்விட்டது என்று பொருள். நிலாவெளிக் கடற்கரைக்குப் போய் வந்த அன்றிரவே நல்ல தண்ணீரால் கீழ்ப்பக்கத்தைக் கழுவ வேண்டும் என்பது காரை எடுத்தவர் கடமை. இதை மகன் சில தடவை தட்டிக் கழித்தான். கழித்தபோதெல்லாம் அடுத்த முறை திறப்புக் கிடைக்கவில்லை. கச்சான் காற்று வீசும் மாதங்களில் வேறு தொல்லை. மத்தியான வெயிலில் நிறுத்தி நிறுத்தி ஓட்டினால் பெற்றோல் குழாயிலேயே ஆவியாகி எஞ்சின் நின்றுவிடும். பொனட்டைத் திறந்து வைத்து நிழலில் காத்திருந்தால் போதும், மறுபடி ஓடும். காத்திருக்கும் பொறுமை இல்லாத பிள்ளைக்கு இந்தக் கார் சரிவராது, அதையும் முகத்துக்கு நேரே சொல்லிவிடுங்கள்.

காகித வேலையில் கவனமாக இருங்கள். மூன்றாம் தரப்புக் காப்புறுதி சட்டப்படி இருக்கத்தான் வேண்டும். ஆனால் அது உங்கள் காருக்கு வந்த சேதத்துக்குப் பணம் தராது. முழுக் காப்புறுதி எடுக்கும்போது காரின் பெறுமதியையும், இளம் சாரதிகள் ஓட்டுவார்கள் என்பதையும் எழுத்தில் பெற்றுக்கொள்ளுங்கள். நாங்கள் முதலில் அணுகிய ஒரு நிறுவனம், தேய்மானக் கணக்குப் போட்டு இந்தக் காருக்குச் சொன்ன பெறுமதி நான்கு ரயர்களின் விலைக்கும் போதாது. படங்களோடும் மதிப்பீட்டு அறிக்கையோடும் வேறிடம் போனோம்.

இப்போதைய நிலை இது. ஊருக்குள்ளும், கிண்ணியாப் பாலம் தாண்டி மூதூர் வரையும், வடக்கே குச்சவெளி வரையும் இருவரும் தனியாக எடுத்துப் போகலாம், பகலில் மட்டும். டைனமோ தரும் மின்சாரத்தில் முன்விளக்குகள் மங்கல்தான், இரவில் வீதியில் படுத்திருக்கும் மாடுகளை அவை காட்டாது. கந்தளாய்க்கு அப்பால் ஹபரணை வீதியில் நான் கூட இருந்தாலும் பொழுது சாய்ந்த பிறகு போவதில்லை. அங்கே யானைகள் வீதியைக் கடக்கும். கலியாணத்துக்கு மாப்பிள்ளைக் காராகக் கேட்டு வருபவர்களுக்கு மகள்தான் ஓட்டிப் போகிறாள். காரைத் தனியாக வாடகைக்குக் கொடுப்பதில்லை.

மகன் யாழ்ப்பாணம் வரை ஓட்டிப் போக வேண்டும் என்று கேட்டுக்கொண்டிருக்கிறான். பிரேக்கை இரண்டு தனிச் சுற்றாகப் பிரிக்கும் மாஸ்டர் சிலிண்டரைத் தேடிக்கொண்டிருக்கிறோம். அது கிடைத்து, அவனே பூட்டி, மழைக்காலம் முடிந்ததும் போகலாம் என்று சொல்லியிருக்கிறேன்.