கிளாம்ப் பெடல் எக்ஸ்டெண்டர்: உயரத்தை மட்டும் பார்த்து வாங்காதீர்கள்

கால் எட்டாத ஓட்டுநருக்காகப் பெடலை நீட்டித் தரும், துளை போடாமல் பெடலைக் கவ்வி நிற்கும் அலுமினிய எக்ஸ்டெண்டர், ஆட்டோமேட்டிக் காரில் 10 செ.மீ.க்குள் நீட்டினால் போதும் என்பவர்களுக்கு நல்ல பொருள். கிளட்ச் உள்ள காருக்கு இதைப் பரிந்துரைக்க மாட்டோம்.

பெரிய குறை விற்பனைக் குறிப்பிலேயே இருக்கிறது. ‘குள்ளமானவர்களுக்கு, இத்தனை அடிக்குக் கீழே’ என்று எல்லாரையும் ஒரே கட்டாகக் கட்டிவிடுகிறார்கள். அந்தச் சொல் பலரை நோகடிக்கிறது, அளவெடுக்கவும் உதவுவதில்லை. (குள்ளமானவர்களை இழிவாகக் குறிக்கும் ‘மிட்ஜெட்’ என்ற ஆங்கிலச் சொல்லைக் கைவிடும்படி, உயரம் குறைந்தவர்களுக்கான லிட்டில் பீப்பிள் ஆஃப் அமெரிக்கா அமைப்பு 2015-இலேயே கேட்டுக்கொண்டது. விளம்பரம் எழுதுகிறவர்கள் கவனிக்கலாம்.) அகோண்ட்ரோபிளேசியா (எலும்பு வளர்ச்சியைப் பாதிக்கும் மரபணுக் குறைபாடு) உள்ளவருக்குக் கைகால்தான் குட்டை, உடற்பகுதி கிட்டத்தட்ட சராசரி நீளம். உட்கார்ந்தால் சாலை தெரியும், கால்தான் எட்டாது. அவருக்கு உயரமான மெத்தை போட்டால் பெடல் இன்னும் தூரமாகும். வளர்ச்சி ஹார்மோன் குறைவால் உயரம் குறைந்தவருக்கோ உடல் முழுதும் ஒரே விகிதம். மெத்தை, நீட்டிப்பு இரண்டும் தேவைப்படலாம். இருவரும் ஒரே உயரமாக இருந்தாலும் ஒரே செட் பொருந்தாது.

ஆகவே அளவைக் காரில் உட்கார்ந்தே எடுங்கள். நெஞ்செலும்புக்கும் ஸ்டீயரிங் நடுவுக்கும் குறைந்தது 25 செ.மீ. இருக்கும்படி சீட்டை வையுங்கள். ஏர்பேக் விரிய அந்த இடம் வேண்டும். முழங்கை முழுதாக நீளாதவர்கள் கையும் எட்டுகிறதா என்று பார்க்க வேண்டும். அதன்பின், பிரேக்கை முழுதாக அமுக்கிய நிலையிலும் முழங்கால் சற்று மடிந்திருக்க எத்தனை செ.மீ. வேண்டுமோ அதுதான் உங்கள் அளவு.

மாட்டுவதற்கு முன் பெடல் ரப்பரைச் சோப்புத் தண்ணீரால் துடைத்து நன்றாக உலர விடுங்கள். இழுத்தால் ரப்பர் நழுவுகிறது என்றால் கழற்றிவிட்டு நேரே பெடலில் கவ்வ வையுங்கள். போல்ட்டுகளைக் குறுக்கு வரிசையில் கொஞ்சம் கொஞ்சமாக முடுக்க வேண்டும். ஆக்ஸிலரேட்டர் பிளாஸ்டிக் என்றால் அதிகம் முடுக்கினால் விரிசல் விடும். பிரேக், ஆக்ஸிலரேட்டர் இரண்டையும் ஒரே நீளம் நீட்டுங்கள். பிரேக் சற்று உயர்ந்து நிற்பது காரணத்தோடு வைத்தது. எக்ஸ்டெண்டரில் கால் வைக்கும் தகடுகளுக்கு இடையே பழைய இடைவெளி குறைந்தால் ஒரே மிதியில் இரண்டும் அமுங்கும்.

பலர் தவறவிடுவது ஒன்று உண்டு. மேலிருந்து தொங்கும் பெடலை நீட்டினால், அமுக்கும்போது தகடு முன்னே போவதோடு கீழேயும் இறங்கும். நீட்ட நீட்ட இறக்கம் கூடும். குதிகாலுக்கு மேடை வைத்திருந்தால் தகடு அதில் முட்டி பிரேக் பாதியில் நின்றுவிடும். மேடை இல்லாவிட்டால் குதிகால் அந்தரத்தில் தொங்கி, கால் சீக்கிரம் களைத்துவிடும். வண்டியை நிறுத்தி, இன்ஜினை ஓடவிட்டுப் பிரேக்கைக் கடைசிவரை அழுத்திச் சோதியுங்கள். இன்ஜின் அணைந்திருக்கும்போது பெடல் இறுகிவிடுவதால் முழு இறக்கம் தெரியாது. தரைவிரிப்பு நகராமல் இருக்கிறதா என்பதையும் அப்போதே பாருங்கள்.

நீளம் கூடினால் கிளாம்ப்பின் மேல் விழும் திருகு விசையும் கூடும். முதல் சில நாட்கள் வண்டி எடுக்கும் முன் தகடைக் கையால் ஆட்டிப் பாருங்கள். 10 செ.மீ.க்கு மேல் தேவைப்படுகிறவர்கள், போல்ட் போட்டுப் பொருத்தும் வகையையும் உயர்த்திய தரையையும் வாகன மாற்றத்தில் அனுபவமுள்ள பணிமனையில் செய்துகொள்வதே நல்லது. வேறொருவர் வண்டியை எடுப்பதானால் எக்ஸ்டெண்டரைக் கழற்றிக் கொடுங்கள்.