விடியப்புறம் இரண்டு மணித்தியாலம்: நாலு வருடம் பழகிப் பார்த்தது

யாழ்ப்பாணத்துக்குப் பக்கத்தில் கொக்குவிலில், வீட்டிலிருந்தே மொழிபெயர்ப்பு வேலை செய்கிறேன். சட்ட ஆவணம், சுகாதாரக் கையேடு, ஆய்வறிக்கை என்று ஆங்கிலத்திலிருந்து தமிழுக்கு வருபவை. இந்த வேலையில் நீண்ட வாக்கியம் ஒன்றின் தலையும் வாலும் ஒரே நேரத்தில் மனதில் நிற்கவேண்டும். நடுவில் போன் அடித்தால் பந்தியை முதல் வரியிலிருந்து திரும்ப வாசிக்கவேண்டியதுதான். கவனம் சிதறாமல் இருந்து வேலை செய்ய 2022இலிருந்து பல பழக்கங்களைப் பிடித்துப் பார்த்தேன். சில நின்றன, பல போய்விட்டன.

தொடக்கம் நான் திட்டமிட்டதல்ல. 2022 மார்ச் கடைசியில் இலங்கை முழுக்க நாளொன்றுக்கு 13 மணித்தியாலம் வரை மின்வெட்டு இருந்தது. கரண்ட் போனால் றூட்டரும் நின்றுவிடும். மடிக்கணினியில் இரண்டு மணித்தியாலத்துக்குத்தான் சார்ஜ். ஒரு சொல்லைத் தேடி இணையத்துக்குள் போய், அரை மணித்தியாலம் கழித்து வேறெங்கோ நிற்கிற வழக்கம் அந்த நாட்களில் தானாக ஒழிந்தது. தெரியாத சொல்லைக் கொப்பியில் எழுதி வைத்துவிட்டு அடுத்த வரிக்குப் போனேன். வெக்கையும் நுளம்பும் இருந்தும், அந்த மாதங்களில் செய்த பக்கங்களில்தான் திருத்தம் குறைவாக வந்தது. கரண்ட் ஒழுங்காக வரத் தொடங்க, பழைய சிதறலும் கூடவே வந்தது. அதன்பிறகுதான் இதை ஒரு பழக்கமாகக் கட்டவேண்டும் என்று முடிவெடுத்தேன்.

முதலில் இரவு பத்துக்குப் பிறகு இருந்து பார்த்தேன். ஊர் அடங்கிவிடும், வீதியில் மோட்டார் சைக்கிள் சத்தம்கூட இராது. ஆனால் இரவில் எழுதியதைக் காலமை வாசித்தால் வினைமுற்றே இல்லாத வாக்கியங்கள் கிடக்கும். ஆறு மாதத்தோடு விட்டேன். விடியப்புறம் 4.45க்கு மாறியது 2023 தொடக்கத்தில். வெறும் தேத்தண்ணியும் ஒரு கடி பனங்கட்டியும். 6.45 வரை ஒரே ஆவணம், வேறொன்றும் இல்லை. ஒன்பதரையிலிருந்து பதினொன்று வரை இரண்டாவது அமர்வு. கடிதம், விலைச்சிட்டை, திருத்தம் பார்ப்பது எல்லாம் பின்னேரத்துக்கு. இவ்வளவுதான் என் ஒழுங்கு. மூன்றரை மணித்தியாலம் குறைவாகத் தோன்றலாம். பெர்லின் இசைக்கல்லூரி வயலின் மாணவர்களை ஆராய்ந்து 1993இல் உளவியலாளர் அன்டர்ஸ் எரிக்சன் குழுவினர் வெளியிட்ட கட்டுரையும், முழுக்கவனத்தோடு செய்யும் பயிற்சியை நாளுக்கு ஏறத்தாழ 4 மணித்தியாலத்துக்கு மேல் நீண்ட காலம் தொடர முடியாது என்றுதான் சொல்கிறது. நாளுக்கு ஆறு மணித்தியாலம் என்று நான் போட்ட திட்டம் மூன்றாம் நாளே உடைந்தது. அதைத் திறமைக்குறைவு என்று நினைத்து வருந்தியிருக்கத் தேவையில்லை.

போன் விஷயத்தில்தான் அதிக காலம் வீணாக்கினேன். சத்தத்தை நிறுத்தி மேசையில் கவிழ்த்து வைத்தேன், கை தானாகப் போனது. தளங்களைத் தடுக்கும் செயலி ஒன்றைப் போட்டேன், பூட்டியவளும் நானே, திறந்தவளும் நானே. கடைசியில் அம்மாவின் அறையில், சாமிப்படத்துக்குக் கீழே சார்ஜில் போட்டுவிட்டு வரத் தொடங்கினேன். எழுந்து போய் எடுக்கவேண்டும், எடுத்தால் அம்மா முழிப்பார். அது போதுமாக இருந்தது. 2017இல் ஏட்ரியன் வார்டும் மற்ற ஆய்வாளர்களும் செய்த பரிசோதனையில், போனை மேசையில் வைத்திருந்தவர்களைவிட வேறு அறையில் விட்டு வந்தவர்கள் மனப்பயிற்சிகளை நன்றாகச் செய்தார்கள். பின்னர் திரும்பச் செய்த ஆய்வுகள் எல்லாம் அதே முடிவைத் தரவில்லை. ஆகவே எல்லோருக்கும் இது வேலை செய்யும் என்று சொல்லமாட்டேன். எனக்கு மூன்று வருடமாக வேலை செய்கிறது.

25 நிமிடம் வேலை, 5 நிமிடம் ஓய்வு என்ற பொமொடோரோ முறையையும் நாலு மாதம் பார்த்தேன். இத்தாலிக்காரரான பிரான்செஸ்கோ சிரில்லோ மாணவனாக இருந்த 1980களின் கடைசியில், தக்காளி வடிவக் குசினி மணிக்கூட்டை வைத்துத் தொடங்கியது. இத்தாலிய மொழியில் பொமொடோரோ என்றால் தக்காளி. மொழிபெயர்ப்புக்கு இது சரிவரவில்லை. ஆவணத்தின் குரல் காதில் விழவே எனக்குப் பதினைந்து இருபது நிமிடம் வேண்டும், விழுந்த கையோடு மணி அடித்துவிடும். பிடிக்காத சின்ன வேலைகளைத் தொடங்குவதற்கு மட்டும் நல்லது. விலைச்சிட்டைகளை இன்றைக்கும் அப்படித்தான் முடிக்கிறேன். விலை கூடிய கதிரை ஒன்றும் வாங்கினேன். முதுகுக்கு நல்லது, கவனத்துக்கும் அதற்கும் தொடர்பில்லை.

கொப்பிதான் நான் எதிர்பாராமல் கிடைத்த பலன். மேசையை விட்டு எழும்ப முன்னர் மூன்று வரி எழுதுவேன்: எங்கே நிறுத்தினேன், எந்தச் சொல் இன்னும் முடிவாகவில்லை, திரும்பி வந்ததும் முதலில் என்ன செய்யவேண்டும். ஒரு வேலையை விட்டு இன்னொன்றுக்குப் போனாலும் மனதின் ஒரு பங்கு பழையதிலேயே தங்கிவிடுகிறது என்று ஆய்வாளர் சோஃபி லெரோய் 2009இல் எழுதினார். இடையில் விடவேண்டி வந்தால் எங்கிருந்து தொடர்வது என்று குறித்துவிட்டுப் போவது உதவும் என்று 2018இல் தெரேசா கிளோம்புடன் சேர்ந்து காட்டினார். அதை அறியுமுன்பே கொப்பி எனக்கு அதைச் செய்துகொண்டிருந்தது. முந்தி குளிக்கும்போதும் சோறு சாப்பிடும்போதும் ஒரு சொல் மண்டையைக் குடையும். இப்போது அது கொப்பியில் கிடக்கும்.

இத்தனைக்கும் பிறகு, மற்ற எல்லாவற்றிலும் பெரிய விஷயம் வீட்டுச் சனம்தான் என்று நினைக்கிறேன். இதைப் பற்றி ஆலோசனை சொல்பவர்கள் “கதவைப் பூட்டுங்கள்” என்று சுலபமாகச் சொல்லிவிடுகிறார்கள். எங்கள் ஒழுங்கையில் கேற்றைத் திறந்துகொண்டு நேரே விறாந்தைக்கு வருவதுதான் உறவு. ஒன்பதரைக்கு அறைக்கதவைச் சாத்தியபோது பக்கத்து வீட்டு மாமி இரண்டு கிழமை முகம் கொடுத்துக் கதைக்கவில்லை. அம்மாதான் அதைச் சரிசெய்தார். “பிள்ளை எழுதுறாள், பதினொண்டுக்குப் பிறகு வாங்கோ, தேத்தண்ணி குடிச்சுக் கதைப்பம்” என்று சொல்லிச் சொல்லி அந்த நேரத்தை ஊருக்குப் பழக்கினார். இப்போது மாமியே மற்றவர்களுக்குச் சொல்கிறார்.

அம்மாவுக்கு அது புதிதில்லை. 1990க்குப் பிறகு யாழ்ப்பாணத்தில் கரண்ட் இல்லை, மண்ணெண்ணெய் கிடைப்பது அருமை. ஜாம் போத்தலுக்குள் பஞ்சு வைத்து, கொஞ்ச எண்ணெய் விட்டு எரித்த விளக்கில்தான் சின்னம்மா உயர்தரப் பரீட்சைக்குப் படித்தார். ஒரே மேசை, ஒரே விளக்கு. சின்னம்மா கணக்குச் செய்தால் மற்ற எல்லோரும் இருட்டில் வாய் மூடி இருப்போமாம், நான் கைக்குழந்தை. ஒருவர் ஆழ்ந்து படிக்க வீடே அடங்கி இருந்தது. எனக்கு இன்று கிடைக்கும் மூன்றரை மணித்தியாலமும் அப்படி யாரோ பிடித்துத் தருவதுதான்.

2024இல் அம்மாவுக்குச் சுகமில்லாமல் போக ஏழு கிழமை எல்லாம் நின்றது. திரும்பத் தொடங்கியபோது இரண்டு மணித்தியாலம் இருக்க முடியவில்லை. இருபது நிமிடத்தில் மனம் எழும்பி ஓடியது. நாளுக்குப் பத்து நிமிடம் கூட்டிக் கூட்டித்தான் பழைய அளவுக்கு வந்தேன். நட்டமும் இருக்கிறது. இரவு ஒன்பதேகாலுக்குப் படுப்பதால் பின்னேரக் கலியாண வீடுகளில் பாதியில் எழும்புகிறேன். காலமை எட்டு மணிக்குப் பதில் வேண்டும் என்ற வாடிக்கையாளர் ஒருவர் விலகிப் போனார். சின்னப் பிள்ளை உள்ள வீட்டில் இதே நேர ஒழுங்கு சரிவராது. என் தம்பி மனைவி பிள்ளை பள்ளிக்கூடம் போன பிறகு ஒரு மணித்தியாலம் மட்டும் பிடித்து வைத்திருக்கிறாள், அவளுக்கு அதுவே பெரிது.

மார்கழியில் திருவெம்பாவை பத்து நாளும் இந்த நேரம் ஓடாது. விடிய முன்னரே சங்கும் சேமக்கலமும் ஒழுங்கைக்குள் வந்துவிடும், கோயில் ஒலிபெருக்கியும் தொடங்கிவிடும். முதல் வருடம் காதுக்குப் பஞ்சு வைத்துக்கொண்டு இருந்து பார்த்தேன். இப்போது அந்தப் பத்து நாளும் அம்மாவோடு கோயிலுக்குப் போய்விட்டு, பகலில் யாழ்ப்பாணப் பொது நூலகத்துக்குச் சைக்கிளில் போகிறேன். 1981இல் ஏறத்தாழ 97,000 புத்தகங்களோடு எரிந்த அதே இடம். வாசலில் செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே போனால் பரீட்சைக்குப் படிக்கும் பிள்ளைகள் மேசை மேசையாகக் குனிந்திருக்கிறார்கள். அவர்களுக்கு நடுவில் ஒரு கதிரை கிடைத்தால், போன் சைக்கிள் பையிலேயே மறந்து கிடக்கிறது.